அரை டிக்கெட்டும் அம்மாவின் மடியும்

தமிழ்ப் பேச்சு வழக்கில் 'அரை டிக்கெட்' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. பேருந்திலும் ரயிலிலும் சிறுவர்களுக்காக வாங்கும் பாதிக் கட்டணச் சீட்டு ஒன்று. அந்தச் சீட்டுக்குரிய வயதில் இருக்கும் சிறுவனோ சிறுமியோ மற்றொன்று. வயதுக்கு மீறிப் பேசுகிற பிள்ளையைப் பார்த்து, 'இந்த அரை டிக்கெட்டுக்கு வாயைப் பாரு' என்று வீட்டில் சொல்வார்கள். அதில் கண்டிப்பைவிடச் செல்லமே மிகுந்திருக்கும். போக்குவரத்துத் துறையின் ஒரு கட்டண விதி குழந்தைப் பருவத்துக்கே பெயராகிவிட்டது என்பது சாதாரணச் செய்தியல்ல. ஒரு சலுகை மக்கள் வாழ்வில் பல தலைமுறைகள் தங்கியிருந்தால்தான் மொழி அதை இப்படித் தன்னுடையதாக்கிக்கொள்ளும்.

அந்தச் சலுகையின் பெரும்பகுதி 2016ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள் முதல் இந்திய ரயில்வேயில் இல்லை. சொல் இருக்கிறது, சீட்டும் ஒரு வகையில் இருக்கிறது, ஆனால் அதன் பொருள் மாறிவிட்டது. இலக்கியம் பேசுகிற இடத்தில் ரயில் கட்டணத்துக்கு என்ன வேலை என்று நண்பர்கள் சிலர் கேட்கக்கூடும். சொல்லின் பொருள் மாறும்போது வாழ்க்கையில் எது மாறியது என்று பார்ப்பதும் நம் வேலைதான் என்பது என் எண்ணம். அதோடு, கோடை விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஊருக்குப் போகிற எவருக்கும் இது நேரடியான கவலை.

முதலில் விதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 5 வயது நிறையாத குழந்தைக்குக் கட்டணம் இல்லை. தனிப் படுக்கையும் இல்லை. படுக்கை வேண்டுமென்றால் பெரியவருக்குரிய முழுக் கட்டணத்தைச் செலுத்த வேண்டும். 5 வயது நிறைந்து 12 வயது நிறையாத பிள்ளைக்கு முன்பதிவுப் பெட்டிகளில் இரண்டு வழிகள் உண்டு. தனிப் படுக்கை வேண்டுமென்றால் முழுக் கட்டணம். வேண்டாமென்றால் அரைக் கட்டணம். முன்பதிவில்லாப் பெட்டியில் மட்டும் பழைய அரை டிக்கெட் அப்படியே தொடர்கிறது. உட்கார்ந்தே பயணம் செய்யும் முன்பதிவு வகுப்புகளில், அதாவது ஏசி சேர் கார், எக்ஸிகியூடிவ் சேர் கார், இரண்டாம் வகுப்பு இருக்கை ஆகியவற்றில், 'இருக்கை வேண்டாம்' என்ற அரைக் கட்டண வழியே கிடையாது. அங்கே 5 வயதுப் பிள்ளையும் 50 வயதுத் தாத்தாவும் ஒரே கட்டணம்தான்.

2016க்கு முன்பு, 5 முதல் 11 வயது வரையிலான பிள்ளை அரைக் கட்டணத்திலேயே முழுப் படுக்கையும் பெற்றது. கணவன், மனைவி, 8 வயதில் ஒரு பிள்ளை என்ற குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். அன்று அவர்கள் இரண்டரைக் கட்டணம் செலுத்தினார்கள். மூன்று படுக்கைகள் கிடைத்தன. இன்று அதே இரண்டரைக் கட்டணத்தைச் செலுத்தினால் இரண்டு படுக்கைகளே கிடைக்கும். மூன்றாவது படுக்கை வேண்டுமென்றால் மூன்று கட்டணம். பிள்ளைகள் இருவர் என்றால், அன்று மூன்று கட்டணத்துக்கு நான்கு படுக்கைகள். இன்று மூன்று கட்டணத்துக்கு இரண்டு படுக்கைகள், நான்கு கட்டணத்துக்கு நான்கு படுக்கைகள். ஓர் ஆளுக்கு 400 ரூபாய் என வைத்துக்கொண்டால், போக வர 2,400 ரூபாயில் முடிந்த பயணம் 3,200 ரூபாயாகிறது. கட்டண உயர்வு என்று யாரும் இதை அறிவிக்கவில்லை. விகிதத்தில் எதையும் தொடாமலேயே அந்தக் குடும்பத்தின் செலவு மூன்றில் ஒரு பங்கு கூடிவிட்டது.

ரயில்வேயின் தரப்பிலும் நியாயம் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஒரு படுக்கையில் 7 வயதுச் சிறுமி படுத்தாலும் 70 கிலோ எடையுள்ள ஆண் படுத்தாலும் படுக்கை ஒன்றுதான். அதை வேறொருவருக்கு விற்க முடியாது. காத்திருப்போர் பட்டியல் நீண்டுகிடக்கிற நாட்டில் ஒரு படுக்கையைப் பாதி விலைக்குக் கொடுப்பது இன்னொருவரின் வாய்ப்பைப் பறிப்பதாகும் என்று வாதிடலாம். பயணச் செலவில் 57 சதவீதத்தை மட்டுமே கட்டணமாகத் திரும்பப் பெறுகிறோம் என்ற வாசகத்தைப் பயணச்சீட்டிலேயே ரயில்வே அச்சிட்டுத் தந்ததை நாம் பார்த்திருக்கிறோம்.

இந்த மாற்றத்தால் கிடைத்த தொகையும் சிறிதல்ல. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கப்பட்ட கேள்விக்கு 2023இல் அளிக்கப்பட்ட பதிலின்படி, 2016-17 முதல் 2022-23 வரையிலான ஏழு ஆண்டுகளில் ரயில்வேக்கு 2,800 கோடி ரூபாய்க்கு மேல் கூடுதலாக வந்திருக்கிறது. அதே காலத்தில் 10 கோடிக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு முழுக் கட்டணத்தில் தனி இடம் வாங்கியிருக்கிறார்கள், 3.6 கோடிக்கு மேற்பட்ட குழந்தைகள் அரைக் கட்டணத்தில் இடமின்றிப் பயணம் செய்திருக்கிறார்கள்.

இந்த எண்களைக் காட்டி, 'பார்த்தீர்களா, மக்களே முழுக் கட்டணத்தைத்தான் விரும்புகிறார்கள்' என்று சொல்வோர் உண்டு. விருப்பம் என்ற சொல்லை இங்கே அவ்வளவு எளிதாகப் பயன்படுத்த முடியாது. அரைக் கட்டண வழியே இல்லாத இருக்கை வகுப்புகளில் போனவர்களுக்குத் தேர்வு என்று எதுவும் இருக்கவில்லை. மற்றவர்களுக்கோ ஒரு பக்கம் பணம், மறுபக்கம் இரவுத் தூக்கம். 10 வயதுப் பிள்ளையைப் பத்து மணி நேரம் படுக்கையில்லாமல் அழைத்துச் செல்ல முடியாது என்பதால் முழுக் கட்டணம் செலுத்தியவரை 'விரும்பினார்' என்பதைவிட 'வேறு வழி காணவில்லை' என்பதே பொருந்தும். என் கவலை அந்த 10 கோடியைவிட மற்ற 3.6 கோடியைப் பற்றியது. அந்தக் குழந்தைகள் இரவில் எங்கே படுத்தார்கள்?

விடை நமக்குத் தெரியும். அம்மாவோடு படுத்தார்கள். ஸ்லீப்பர் பெட்டியின் படுக்கை சுமார் இரண்டடி அகலம். அதில் ஒரு பெரியவரும் 7 வயதுப் பிள்ளையும் படுத்தால், ஒருவர் ஒருக்களித்தே கிடக்க வேண்டும். வண்டி நிற்கும்போதும் கிளம்பும்போதும் பிள்ளை விழாமல் கையை அணைகொடுத்து வைத்திருக்க வேண்டும். பாண்டியன், நெல்லை, கன்னியாகுமரி என எந்த இரவு வண்டியில் ஏறிப் பார்த்தாலும், பதினொரு மணிக்கு மேல் எழுந்து உட்கார்ந்து பிள்ளையின் தலையை மடியில் தாங்கிக்கொண்டிருக்கும் பெண் ஒருத்தியையாவது காணலாம். தந்தையர் இதைச் செய்வதே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் யார் தூங்குவது, யார் விழித்திருப்பது என்ற முடிவு நம் குடும்பங்களில் எவ்வாறு எடுக்கப்படுகிறது என்பதை விளக்க வேண்டியதில்லை.

பழைய அரை டிக்கெட்டில், குழந்தையின் வயதுக்காக அரசு பாதிக் கட்டணத்தை விட்டுக்கொடுத்தது. இன்றைய அரை டிக்கெட்டில் அரசு எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. படுக்கையைத் தராமல் பாதிக் கட்டணத்தை வாங்கிக்கொள்கிறது. தாய் ஏற்கெனவே முழு விலை கொடுத்து வாங்கிய படுக்கையில் பாதியைப் பிள்ளைக்குத் தருகிறாள். ஆக, ஒரே படுக்கைக்கு ஒன்றரைக் கட்டணம். சலுகை வழங்குபவர் இடம் மாறிவிட்டார். முன்பு ரயில்வே, இப்போது அம்மா.

ஆர்.ஏ.சி. நிலையில் இது இன்னும் விசித்திரமாகிறது. பக்கவாட்டுக் கீழ்ப்படுக்கை ஒன்றை இரண்டு பேர் உட்கார்ந்து பகிர்ந்துகொள்ள வேண்டும். இருவரும் முழுக் கட்டணம் செலுத்தியவர்கள். அவர்களில் ஒருவர் அரை டிக்கெட் பிள்ளையோடு வந்தால் அந்த ஒரு படுக்கையில் மூன்று பேர். முன்பின் தெரியாத இன்னொரு பயணியிடம் 'கொஞ்சம் நகர்ந்து உட்காருங்கள்' என்று கேட்கும் சங்கடமும் தாயின் கணக்கில்தான் சேர்கிறது.

நம் பாட்டியல் நூல்கள் பெண்ணின் பருவங்களை ஏழாகப் பகுத்தது மாணவர்கள் அறிந்த செய்தி. நூலுக்கு நூல் சிறு வேறுபாடு இருப்பினும், பொதுவாக வழங்கும் கணக்கில் பேதைக்கு 5 முதல் 7 வயது, பெதும்பைக்கு 8 முதல் 11, மங்கைக்கு 12, 13. ரயில்வேயின் 5 என்ற தொடக்கமும் 12 என்ற எல்லையும் இதோடு பொருந்தி நிற்பதை வகுப்பில் சொன்னால் மாணவர்கள் சிரிப்பார்கள். தற்செயல்தான், ஆனால் பயனுள்ள தற்செயல். ரயில்வே ஒரே மூட்டையாகக் கட்டிய 5 முதல் 11 வரையிலான வயதை, தமிழ் மரபு இரண்டு பருவங்களாகப் பார்த்தது. பேதைப் பருவத்துப் பிள்ளை அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு உறங்கிவிடும். பெதும்பைப் பருவத்துப் பிள்ளைக்குக் கால் நீண்டுவிட்டது, தனக்கென ஓர் இடம் வேண்டும் என்ற உணர்வும் வந்துவிட்டது. இது ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. 5 வயதுக் குழந்தைக்கும் 11 வயதுப் பிள்ளைக்கும் 'படுக்கையில்லா அரைக் கட்டணம்' என்ற ஒரே விதியை எழுதியவர்கள், வளரும் உடம்பைக் கணக்கில் கொள்ளவில்லை.

பிற நாடுகள் இதே சிக்கலை எப்படித் தீர்க்கின்றன என்று பார்ப்பது நல்லது. அவை நம்மைவிடச் செல்வந்த நாடுகள் என்பது உண்மை. ஆனால் நான் சொல்ல வருவது பணத்தின் அளவைப் பற்றியன்று, கணக்கின் முறையைப் பற்றி. ஜப்பானில் 6 முதல் 11 வயது வரை அரைக் கட்டணம். அதற்கு இருக்கையும் உண்டு. 6 வயது நிறையாத குழந்தைகள், ஒரு பெரியவரோடு இருவர் வரை, கட்டணமின்றிப் பயணம் செய்யலாம். அந்தச் சிறு குழந்தைக்கு முன்பதிவு இருக்கை தனியாக வேண்டுமென்றால் சிறுவர் கட்டணம், அதாவது பாதி, செலுத்தினால் போதும். சுற்றுலாப் பயணிகளுக்கான ஜப்பான் ரயில் பாஸிலும் சிறுவருக்குப் பாதி விலைதான். 2023 அக்டோபரில் அந்தப் பாஸின் விலையைக் கடுமையாக உயர்த்தினார்கள். ஏழு நாள் சாதாரணப் பாஸ் 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னானது. அப்போதும் சிறுவருக்குப் பாதி என்ற விகிதத்தில் கைவைக்கவில்லை. சுவிட்சர்லாந்தில், பெற்றோர் சுவிஸ் டிராவல் பாஸ் வாங்கினால் 6 முதல் 15 வயது வரையிலான அவர்களுடைய பிள்ளைகளுக்குக் குடும்ப அட்டை இலவசம். அதைக் கொண்டு பிள்ளைகள் கட்டணமின்றி உடன் வரலாம். இருக்கை கேட்ட குற்றத்துக்காகக் குழந்தையைப் பெரியவராக்கிவிடும் கணக்கு இவ்விரு நாடுகளிலும் இல்லை.

நம் ரயில்வேக்கும் குழந்தையைக் குழந்தையாகப் பார்க்கத் தெரியாது என்று சொல்வது அநியாயம். மாதாந்திர சீசன் டிக்கெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கும் பள்ளிக்கும் இடையே இரண்டாம் வகுப்பில் போய்வர, மாணவியருக்குப் பட்டப்படிப்பு வரையிலும் மாணவர்களுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலும் சீசன் டிக்கெட் இலவசம். சிற்றூர்களிலிருந்து நகரத்துப் பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்கும் வந்து படித்த பல பெண்களின் படிப்பு இந்தச் சீட்டினால் நடந்தது. எவ்வளவு பெருந்தன்மையான ஏற்பாடு! ஆனால் சீசன் டிக்கெட்டின் எல்லை 150 கிலோமீட்டர். அதற்கு அப்பால் இருக்கிற பாட்டி வீட்டுக்குப் போக அது உதவாது. பள்ளிக்குப் போகிற பிள்ளைக்கு இலவசமாகச் சீட்டுத் தருகிற துறை, பாட்டி வீட்டுக்குப் போகிற அதே பிள்ளை படுக்கை கேட்டால் முழுக் கட்டணம் வாங்குகிறது. கல்வியைப் போலவே உறவும் ஒரு குழந்தைக்குத் தேவை என்பதை எந்தச் சுற்றறிக்கையில் எழுதுவது?

தமிழ்நாட்டு அரசுப் பேருந்துகளில் 3 வயது வரை இருந்த இலவசப் பயணத்தை 5 வயது வரை நீட்டிப்பதாக 2022 மே மாதம் அறிவித்தார்கள். ஒரே காலத்தில், ஒரே மக்களுக்காக இயங்கும் இரண்டு பொதுப் போக்குவரத்துகளில் ஒன்று குழந்தையை நோக்கி நகர்ந்திருக்கிறது, மற்றொன்று விலகியிருக்கிறது. நிதி நெருக்கடி இரண்டுக்கும் பொதுவானதுதான்.

விதி மாறும் வரை நாம் பயணம் செய்யாமல் இருக்க முடியாது. ஆகவே இருக்கிற விதிக்குள் எதைத் தேர்வது என்பதையும் சொல்ல வேண்டும்.

5 வயது நிறையாத குழந்தைக்குக் கட்டணம் கேட்பார்கள் என்று 2022 ஆகஸ்டில் ஒரு செய்தி பரவி, அப்படி எந்த மாற்றமும் இல்லை என்று ரயில்வே அமைச்சகம் விளக்கமளித்தது. அந்த அச்சம் இன்றும் சிலரிடம் இருக்கிறது, தேவையில்லை. முன்பதிவின்போது குழந்தையின் பெயரைப் படுக்கையில்லாக் குழந்தையாகச் சேர்த்துவிட்டால் போதும். பெரியவர்களில் ஒருவருக்குக் கீழ்ப்படுக்கை கிடைக்குமாறு பார்த்துக்கொள்வதுதான் முக்கியம்.

5 முதல் 7 வயது வரை, பெரியவர்கள் இருவர் உடன் இருந்து, பயணமும் சென்னை – திருச்சி அளவில் ஐந்தாறு மணி நேரமாக இருந்தால், படுக்கையில்லா அரைக் கட்டணம் தாங்கக்கூடியதே. ஆனால் முன்பதிவு செய்யும்போதே ஆர்.ஏ.சி. நிலை என்று தெரிந்தால் அந்த வழியை நாட வேண்டாம். தாய் மட்டும் தனியாகப் பிள்ளையோடு போகிறாள் என்றாலும் வேண்டாம். மறுநாள் காலையில் பிள்ளையையும் பெட்டிகளையும் இறக்க வேண்டியவளும் அவள்தான்.

8 வயதுக்கு மேல், இரவு முழுதும் ஓடுகிற வண்டி என்றால், வேறு செலவைக் குறைத்தாவது முழுக் கட்டணத்தில் படுக்கை எடுத்துவிடுவது நல்லது. மிச்சமாகும் சில நூறு ரூபாய் இரண்டு பேரின் உடல்நலத்துக்கு ஈடாகாது.

பிள்ளைகள் இருவர் என்றால் ஒரு சிறு கணக்கைக் கவனியுங்கள். இருவருக்கும் படுக்கையில்லா அரைக் கட்டணம் எடுத்தால் மொத்தம் ஒரு முழுக் கட்டணம் ஆகிறது. கையில் படுக்கை ஏதும் வராது. ஒருவருக்கு முழுக் கட்டணம், மற்றவருக்கு அரைக் கட்டணம் என்று எடுத்தால் ஒன்றரைக் கட்டணத்தில் ஒரு படுக்கை வருகிறது. இரு பிள்ளைகளும் அதில் தலைமாடு கால்மாடாகப் படுத்துக்கொள்ளலாம். பெற்றோரின் படுக்கை பெற்றோருக்கே மிஞ்சும். மூத்தது 8, இளையது 4 என்றால் இன்னும் எளிது. மூத்ததற்கு எடுத்த படுக்கையிலேயே இளையதும் உறங்கும். அதற்குத் தனிக் கட்டணம் ஏதுமில்லை.

பகல் வண்டிகளில் தேர்வுக்கே இடமில்லை. வைகையின் இரண்டாம் வகுப்பு இருக்கையானாலும், 2023இல் தொடங்கிய சென்னை – கோவை வந்தே பாரத்தின் சேர் கார் ஆனாலும், 5 வயது நிறைந்த பிள்ளைக்கு முழுக் கட்டணம்தான். குழந்தை முழு விலைக்கு இருக்கை பெற்றிருக்கிறது என்பதைப் பெற்றோரும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். நின்றுகொண்டிருக்கும் ஒருவருக்காக 'பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்ளுங்கள்' என்று சக பயணி கேட்டால், இரக்கத்தினால் இடம் கொடுக்கலாம். கடமை என்று எண்ண வேண்டியதில்லை.

இவையெல்லாம் தற்காப்பு. கேட்க வேண்டியவற்றையும் கேட்டாக வேண்டும். ஏசி வகுப்புகளில் முழுக் கட்டணம் இருந்துவிட்டுப் போகட்டும். ஸ்லீப்பர் வகுப்பிலும் இரண்டாம் வகுப்பு இருக்கையிலுமாவது 5 முதல் 11 வயது வரை அரைக் கட்டணத்தில் இடம் என்ற பழைய ஏற்பாட்டைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். அந்தப் பெட்டிகளில் போகிறவர்களுக்கே சில நூறு ரூபாய் பெரிய தொகை. அதற்கும் நிதி இடம் தராது என்றால், 8 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்காவது முதலில் தரட்டும்.

கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு இரண்டாவது. மூத்த குடிமக்கள், 45 வயது கடந்த பெண்கள், கருவுற்ற பெண்கள் ஆகியோருக்கு அந்த ஒதுக்கீடு உண்டு, நியாயமானது. ஆனால் கருவிலிருக்கும் குழந்தைக்குக் காட்டும் அக்கறை, அது பிறந்து கைக்குழந்தையானவுடன் முடிந்துவிடுகிறது. படுக்கையில்லாக் குழந்தையின் பெயரை முன்பதிவில் சேர்த்தவுடன், உடன் வரும் பெரியவருக்குக் கீழ்ப்படுக்கை முன்னுரிமை தானாகவே கிடைக்குமாறு செய்வதற்குப் பெரிய செலவு ஏதும் ஆகாது. கணினி நிரலில் ஒரு மாற்றம் போதும். 2022 மே மாதம் அன்னையர் தினத்தையொட்டி லக்னோ மெயிலின் ஒரு பெட்டியில், கீழ்ப்படுக்கையோடு இணைத்த மடக்குக் குழந்தைப் படுக்கையைச் சோதனையாகப் பொருத்தினார்கள். சிக்கல் இருப்பது ரயில்வேக்குத் தெரியாததல்ல என்பதற்கு அதுவே சான்று.

2020 மார்ச்சில் மூத்த குடிமக்களின் கட்டணச் சலுகை நிறுத்தப்பட்டபோது எதிர்ப்புக் குரல்கள் எழுந்தன. நாடாளுமன்றத்தில் கேள்விகள் கேட்கப்பட்டன. அச்சலுகை திரும்பவில்லை என்றாலும் அது பறிபோனது என்ற நினைவாவது பொதுவெளியில் இருக்கிறது. குழந்தைகளின் அரைக் கட்டணப் படுக்கை போனதற்கு அத்தகைய குரல் எழவில்லை. குழந்தைக்கு வாக்கில்லை, தாய்க்கு வாக்கிருந்தும், மடி கொடுப்பதை ஒரு செலவாக அவளே கணக்கிடுவதில்லை. நாமும் அதை அன்பு என்று பெயரிட்டுக் கணக்கிலிருந்து நீக்கிவிடுகிறோம். அன்பு அவளுடையது, அதை அவள் தன் பிள்ளைக்குத் தரட்டும். ரயில்வேயின் வரவுசெலவில் அதைச் சேர்க்க வேண்டாம்.